மூன்று டாலர் கட்டம்

"அதிபர் தேர்தல் நிதிக்கு உங்க வரியிலேர்ந்து மூணு டாலர் போகட்டுமா, ரோவீனா?" வரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார் கணக்கர் டெல்பர்ட்.

"வருஷா வருஷம் கேக்கணுமா? டிக் பண்ணுங்க."

"இந்த நிதியையே ஒழிக்கப் போறாங்களாம்."

"என் வீட்டுக்காரர் ஆர்லனுக்குக் கொண்டாட்டமா இருந்திருக்கும். மக்கள் காசுல அரசியல்வாதி ஊர் சுத்தணுமான்னு இங்கேர்ந்து வீடு வரைக்கும் கார்ல நாற்பது மைலும் கத்துவாரு. மூணு டாலர்ல குடியா முழுகிடும்னு நானும் கத்துவேன். அவர் கட்டத்தைக் காலியா விடுங்க."

டெல்பர்ட் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரும் வருஷா வருஷம் டிக் பண்ணச் சொல்வாரு. நீங்கதான் படிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவீங்களே!"

"என்னது?"

"முன்னாடியே போன் பண்ணிடுவாரு. 'அவகிட்ட சொல்லிடாதே. அப்புறம் வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எதை வச்சுச் சண்டை போடுவா?'ன்னு சிரிப்பாரு."

ரோவீனா பேனாவை எடுத்து டெல்பர்ட்டிடம் நீட்டினார்.

"அப்போ அவருக்கும் டிக் பண்ணுங்க. அடுத்த வருஷமும்..."

"அடுத்த வருஷம் முடியாது, ரோவீனா. அவர் இறந்த வருஷத்துக்கு மட்டும்தான் உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். இனிமே உங்களுக்கு ஒரே கட்டம்தான்."