வெளுக்காத சிவப்பு

இருபது நிமிடத்தில் தண்ணீர் வெளுத்துவிடும் என்று ஹுல்கர் அடித்துச் சொல்லியிருந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. பேசினில் தண்ணீர் சிவப்பாகவே இருந்தது.

பட்டுக்குப் பேர்போன மார்கிலான் ஊரில் இனோபத் அக்காவின் பட்டுச் சாயப்பட்டறை. முற்றத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். அந்த வெயிலில்தான் பேசினை வைத்திருந்தார்கள். அகலமான எனாமல் பேசின், அடியில் ஒரு ரோஜாப் படம். தண்ணீர் ஊற்றி, கரண்டியால் ஒரு கரண்டி சாயக் கழிவைக் கலந்து, தன் கண்ணாடிச் சில்லுகளை உள்ளே போட்டிருந்தாள் ஹுல்கர். ரோஜா தெரிந்தால் பரீட்சையில் பாஸ்.

சில்லுகளின் மேல் பூசியிருந்தது துத்தநாக ஆக்சைடின் நானோ துகள். தலைமுடியின் கனத்தை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் இருக்கும். வெயில் பட்டால் போதும், சாயத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். பெர்கானாவில் ஓர் ஆய்வகத்தில் மூன்று வருஷம் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

முசுக்கொட்டை மரத்தடியில் அதிகாரி எர்மத் உட்கார்ந்திருந்தார். பட்டறைத் தண்ணீரால் கால்வாய் சிவந்துபோகிறது என்று புகார். சில்லு வேலை செய்யாவிட்டால் இன்றே வடிகால் வாயை அடைத்து முத்திரை வைத்துவிடுவார். ஒன்பது பெண்கள் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்.

அவர் கையிலிருந்த படிவத்தில் இரண்டே கேள்விகள். நிறம் போகிறதா? போனால், அதே சில்லு ஐந்து தடவையாவது தாங்குமா? இரண்டாவது கேள்விக்கு இன்னொரு நாள் வரலாம் என்று அவரே பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்.

நல்லவேளை, அடுப்பில் புலாவ் வெந்துகொண்டிருந்தது. புலாவ் சாப்பிடாமல் எழுந்து போகிற மனிதர் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

அதுவரை தேநீர். இனோபத் அக்கா கிண்ணத்தில் கால்வாசிதான் ஊற்றுவாள். தீரத் தீர வந்து ஊற்றுவதுதான் மரியாதை. விளிம்பு வரை நிரப்பினால் ‘நீ கிளம்பலாம்’ என்று அர்த்தம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எர்மத் ஓர் ஆப்ரிகாட் பழம் தின்று, கொட்டையைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். எதையும் ஒழுங்காகச் செய்கிற ஆள்.

ஹுல்கருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விருந்தாளியைத் தனியே விட்டுவிட்டுப் பேசின் பக்கமே நிற்கவும் முடியாது. ஏதோ சாக்குச் சொல்லி எழுந்து போய்ப் பார்த்தாள். ஒரு தடவை ரோஜாவின் இதழ்கூட மங்கலாகத் தெரிந்தது. சந்தோஷமாக ஓடிவந்து சொன்னாள். அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தபோது இதழையும் காணோம், ரோஜாவையும் காணோம்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பூச்சு உரிந்துவிட்டதா? அக்காவின் சாயம்தான் அவ்வளவு கெட்டியா? முதன்முதலில் இதைப் பற்றிச் சொன்னபோதே அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. அவள் பட்டின் சிவப்பு நாற்பது வருஷம் வெயிலில் நிற்குமாம். அதை இருபது நிமிடத்தில் அழிக்க ஒருத்தி கிளம்பி வந்திருக்கிறாளாம். வடிகால் பயம் மட்டும் இல்லையென்றால் வாசலோடு விரட்டியிருப்பாள்.

புலாவ் வந்தது. தீர்ந்தது. எர்மத் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார்.

“நல்ல பொண்ணும்மா நீ. ஆனா கண்ணால பாக்குறதைத்தானே நான் எழுத முடியும்” என்றார். சொல்லும்போது அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது.

அப்போது இனோபத் அக்கா வந்தாள். இடது கையில் தேநீர்க் கேத்தல், வலது கையில் கரண்டி. அவர் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினாள். திரும்பிப் போகிற வழியில், குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி வெகு இயல்பாக, கரண்டியில் இருந்த சிவப்புச் சாயக் கழிவைப் பேசினில் கவிழ்த்துவிட்டு நடந்தாள்.

ஹுல்கர் பின்னாலேயே ஓடினாள்.

“அக்கா, இது எத்தனாவது கரண்டி?”

“யாரு எண்ணுனா? அவருக்கு ஒரு கிண்ணம் ஊத்துனா இதுக்கு ஒரு கரண்டி. வந்த மனுசன் கண்ணு முன்னாடி என் செவப்பு வெளுத்துக்கிட்டே போவுது, பாத்துக்கிட்டு சும்மா நிக்கச் சொல்றியா?”

எர்மத் பேனாவை மூடினார். தட்டைப் பார்த்தார். ஆறு கொட்டைகள். இப்போது விழுந்ததோடு ஏழு. ஹுல்கர் விட்ட முதல் கரண்டியையும் சேர்த்தால் எட்டு.

அவர் எழுந்தார். இனோபத் அக்காவின் கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கித் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடி சப்பணம் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு பழத்தை எடுத்தார்.

அரை மணி நேரத்துக்குள் சிவப்பு இளஞ்சிவப்பானது. இளஞ்சிவப்பு தண்ணீரானது. அடியில் ரோஜா, ஒவ்வொரு முள்ளும் தெரிய, பளிச்சென்று கிடந்தது. பட்டறைப் பெண்கள் ஓடிவந்து ஹுல்கரைக் கட்டிக்கொண்டார்கள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

எர்மத் படிவத்தை நிரப்பினார். முதல் கேள்விக்கு ‘ஆம்’. இரண்டாவது கேள்விக்கு ‘எட்டுத் தடவை’ என்று எழுதிவிட்டு, ஒழுங்கான ஆள் அல்லவா, கீழே ஒரு குறிப்பும் சேர்த்தார்: ‘ஒன்பதாவது கரண்டி என்னால் பறிமுதல் செய்யப்பட்டது.’

எல்லோரும் சிரித்தார்கள்.

இனோபத் அக்கா மட்டும் பேசினையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேத்தலை எடுத்து வந்து, அவருடைய கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பினாள்.