பன்னிரண்டு வோல்ட்

கீழே போன என் கணவர் லோரின்ட்ஸின் விசில் நின்றுவிட்டது.

ஒயின் நிலவறைக்குள் இறங்குகிறவர் விசிலடித்துக்கொண்டே போக வேண்டும். மேலே ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அக்டோபர் வந்தால் எங்கள் டோக்காய்ப் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான். பீப்பாயில் திராட்சைச் சாறு பொங்கும்போது வருகிற வாயு கண்ணுக்குத் தெரியாது. தரையோடு தரையாகத் தேங்கி நின்று ஆளைச் சாய்த்துவிடும்.

"லோரின்ட்ஸ், குரல் குடு."

படி விளிம்பில் குனிந்து இன்னும் உரக்கக் கத்தினேன்.

மற்ற வருடங்களில் மெழுகுவத்தியை முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு இறங்குவார். சுடர் அணைந்தால் திரும்பி ஓடி வந்துவிடுவார். இந்த வருடம் அதை எடுக்கவில்லை. அதுதான் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தாயிற்றே.

வைத்தவன் அவர் தம்பி வென்டெல். முற்றத்தில் கார் பேட்டரி, அங்கிருந்து நிலவறையின் கடைசிச் சுவர் வரை அறுபது மீட்டர் வயர். காலிங் பெல்லுக்கு இழுக்கிற ஒல்லி வயர். இழுத்து முடித்து அந்த முனையில் மீட்டரை வைத்தபோது சரியாகப் பன்னிரண்டு வோல்ட் காட்டியது.

அது ஃபேனை மாட்டாமல் பார்த்தது. மாட்டி ஓடவிட்டால் அந்த ஒல்லி வயரில் பாதித் தெம்பு வழியிலேயே போய்விடும். ஃபேன் சுற்றும், வாயுவைத் தள்ளாது.

இப்போதும் அதன் முனகல் மேலே கேட்டது. சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பாழாய்ப் போனது.

வென்டெல் ஓடி வந்து படியில் கால் வைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போன வருடம் மூன்றாவது வீட்டில் அப்பாவைத் தூக்கப் போன மகனும் ஏறி வரவில்லை.

"கயித்தை இழுங்க அண்ணி, கயித்தை."

லோரின்ட்ஸின் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில்தான் இருந்தது. பயத்தில் அதையே மறந்திருந்தேன்.

இருவரும் இழுத்தோம். ஒவ்வொரு படியிலும் அவர் உடம்பு இடிபடுவது கேட்டது. எலும்பு முறிந்தால் முறியட்டும், உயிர் மட்டும் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே இழுத்தேன்.

வெயிலில் கிடத்தினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. வென்டெல் அவர் வாயில் ஊதினான், ஊதிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு இருமல் வந்தது.

நான் அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. பக்கத்தில் ஓடிய வயரை விரலால் நசுக்கிப் பார்த்தார். "இந்த நூல் போதும்னு எவன்டா சொன்னது?"

வென்டெல் என்னை ஒரு தடவை பார்த்தான்.

மிஷ்கோல்ட்ஸ் டவுனுக்குப் போய்த் தடித்த வயர் வாங்கி வரட்டுமா என்று முந்தாநாள் மூன்று முறை என்னிடம் கேட்டான். அரை நாள் வீணாகுமே என்று எனக்கு எரிச்சல். மீட்டர்தான் பன்னிரண்டு காட்டுகிறதே, போய்த் திராட்சை பறி என்று விரட்டியவள் நான்.

"நான்தாண்ணே" என்றான்.

இனி இந்த வாசலை மிதிக்காதே என்றார் லோரின்ட்ஸ்.

வென்டெல் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தான். அவன் கேட்டைச் சாத்திவிட்டுப் போகும் வரை நான் வாயைத் திறக்கவில்லை.