ரத்தம் காட்டாத வீடு

மாலை ஆறரை மணிக்கு சுகுமார் மகள் சங்கவியின் போனைப் பிடுங்கினார். திண்டிவனம் பைபாஸில் லாரி மோதிக் கிடந்த ஒருவரின் வீடியோ அதில் ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளை வளர்ப்பில் தெருவுக்கே அறிவுரை சொல்பவர் அவர்.

"சண்டைப் படமே இந்த வீட்ல கூடாதுன்னு சொல்லியிருக்கேன். ரத்தத்தைப் பாத்துக்கினே இருந்தா மனசு மரத்துப் போவும். யார் அனுப்பினது?"

"ஸ்கூல் குரூப்ல வந்துச்சு."

மனைவி தமிழ்ச்செல்வி எட்டிப் பார்த்தாள். "சாவக் கெடக்கிறவரை நின்னு எடுத்திருக்கான் பாருங்க. எந்தப் பாவியோ."

சுகுமார் வீடியோவை அவசரமாக அழித்தார். "ஒரு மாசம் உனக்குப் போன் கெடையாது. உன் நல்லதுக்குத்தான்."

சங்கவி போனைத் திருப்பிக் கேட்கவில்லை.

"'ஒத்திக்கங்க, மூஞ்சி தெரியல'ன்னு அதுல உங்க குரல் கேக்குதுப்பா. அவரு தண்ணி கேட்டாரே, குடுத்தீங்களா?"