மண்ணுக்குள் போன நெய்ச்சோறு

"என்ன புள்ள, இண்டைக்கு ஒண்ட ஆட்டுக்கு என்ன சாப்பாடு? சந்தைக் குப்பையா?"

வேலிக்கு மேலால் பக்கீர் முகைதீனின் தலை தெரிந்தது.

ஸகியா நிமிரவில்லை. கல்முனைச் சந்தையில் பொறுக்கி வந்த முட்டைக்கோவா இலையையும் வாழைப்பழத் தோலையும் உரப்பையிலிருந்து கொட்டினாள். மேலே கொஞ்சம் பூவரசங்குழை. பக்கத்தில் ஒரு சிரட்டைத் தவிடு.

குப்பை பொறுக்க அவளுக்கென்ன ஆசையா? அந்த வருஷம் சிறுபோக வேளாண்மை பொய்த்துப்போனது. வரிப்பத்தான்சேனைப் பக்கமிருந்து வைக்கல் ஏற்றிவரும் உழவு மெசின் ஒன்றுகூட ஊருக்குள் வரவில்லை. மையத்து அடக்கும் மையவாடியில்கூடப் புல் இல்லை.

அந்த ஒரு ஆட்டை நம்பித்தான் தங்கச்சியின் பிள்ளை இருந்தது. எட்டு மாதப் பிள்ளையை ஸகியாவின் மடியில் போட்டுவிட்டுத் தங்கச்சி சவூதிக்குப் போய்விட்டாள். பால்மா கொடுத்தால் உடனே சத்தியெடுக்கும். ஆட்டுப்பால் மட்டும்தான் வயிற்றில் தங்கும். ஆடு வற்றினால் பிள்ளையும் வற்றும்.

"தவிட்டை அள்ளிக் கொட்டாத. கொஞ்சமா வை."

"ஒங்கட தவிடா?"

தலை மறைந்தது.

பிசினாறி! பெண்சாதி மவுத்தான பிறகு ஒற்றை ஆள். வளவு நிறையப் பலாமரம். ஒரு குழை ஒடிக்க விட்டாரா? கேட்கப்போன அன்றைக்கு, "காய்க்கிற மரம், போ போ" என்று விரட்டியவர். தானும் தரமாட்டார், அடுத்தவர் தருவதை ஆடு தின்றாலும் பொறுக்கமாட்டார். வேலி ஓணான்! அந்தப் பட்டத்தை வைத்தவளே ஸகியாதான். இப்போது தெருவே அப்படித்தான் சொல்கிறது.

வியாழக்கிழமை சந்தியடி நஜ்லாவின் வீட்டில் கலியாணம். வெள்ளி காலையில் நஜ்லாவே ஒரு பெரிய பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நிறைய நெய்ச்சோறு.

"ஆடு எலும்பாக் கிடக்கே ஸகியா. பாவம், வயிறாரத் திங்கட்டும். எங்கட ஆட்டுக்கெல்லாம் வெச்சிட்டுத்தான் வாறன்."

ஸகியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனிசி என்றால் இவளல்லவா மனிசி!

நஜ்லாவை அனுப்பிவிட்டு, பேசினை ஆட்டுக்கு முன்னால் வைத்தாள். உள்ளே பிள்ளை அழுதது. ஏணையில் ஆட்டித் தூங்கவைத்துவிட்டு வந்து பார்த்தால், பேசினைக் காணவில்லை. ஆடு வாயை நக்கிக்கொண்டு நின்றது.

வேலிப் பொட்டால் எட்டிப் பார்த்தாள்.

பக்கீர் முகைதீன் மண்வெட்டியோடு நின்றார். முன்னால் ஒரு குழி. குழிக்குள் நெய்ச்சோறு. அவர் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அடேய் மனிசா! வாயில்லாச் சீவன்ட வாயிலிரிந்தா பறிச்சாய்?"

தெரு கூடிவிட்டது.

"சோத்தை மண்ணுக்குள்ள போட்டவனுக்குக் கபுறுக்குள்ளயும் மண்தான் கிடைக்கும்!"

அவர் வாயைத் திறந்தார். இவள் விட்டால்தானே!

"ஒண்ட மரத்துக் குழையும் தரமாட்டாய், ஊரார் குடுத்தாலும் ஒனக்கு எரியிது! ஓணான்! வேலி ஓணான்!"

நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ அவருடைய வாசல் தகரப் படலைக்குக் கல்லெறிந்தார்கள்.

பக்கீர் முகைதீன் வெறும் பேசினை வேலிக்கு மேலால் போட்டார். மண்வெட்டியைச் சாத்திவிட்டு, சனத்தை விலக்கிக்கொண்டு சந்திப் பக்கம் விறுவிறென்று நடந்தார்.

"வெக்கத்துல ஓடுது பாரு!" என்றாள் ஸகியா. மனசு ஆறிப்போனது.

மறுநாள் விடிந்ததும் பேசினை எடுத்துக்கொண்டு நஜ்லாவின் வீட்டுக்குப் போனாள். நடந்ததைச் சொல்லவேண்டும். சோறு மிச்சமிருந்தால் கேட்கவும் வேண்டும்.

நஜ்லாவின் வாசலில் சனம். இறைச்சிக்கடைப் பளீல் கத்தியோடு நின்றார். முற்றத்தில் ஏழு ஆடுகள் வயிறு பானைபோல ஊதிக் கிடந்தன.

"நான் வரக்குள்ள ரெண்டுலதான் உசிர் இரிந்திச்சி. அதுகளை அறுத்திட்டன்," என்றார் பளீல். "மத்த அஞ்சும் செத்திட்டு. இனி ஹறாம், திங்கேலா, தோண்டிப் புதைங்க."

"என்ன நோவு காக்கா?" என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் ஸகியா.

"நோவா? சோறு! மாசக்கணக்காக் காஞ்சு கிடந்த வயித்துக்குள்ள பேசின் பேசினாச் சோத்தைக் கொட்டினா, புளிச்சு நஞ்சாகாதா? ஆட்டை என்ன, மாப்பிள்ளைட ஆக்கள் எண்டு நெனச்சிட்டாங்களா, கூப்பிட்டு விருந்து வெக்க?"

நஜ்லா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"நேத்து ஒண்ட பக்கத்து ஊட்டு ஓணான் இஞ்ச ஓடி வந்திச்சி ஸகியா. சோத்தை எடுங்க, எடுங்க எண்டு கேற்றைப் பிடிச்சிக்கிட்டுக் கத்திச்சி. அப்ப இதுகள் பாதிதான் திண்டிரிந்த. கலியாணத்துக்குச் சொல்லாத எரிச்சல்ல கத்துது எண்டு நான் கேற்றைச் சாத்திட்டன்."

திடீரென்று நினைவு வந்தவளாய் ஸகியாவின் கையைப் பிடித்தாள்.

"அல்லாஹ்! ஒண்ட ஆடு?"

"இரிக்கி. விடியப் பாலும் கறந்தன்."

"அப்ப நீ சோறு வெக்கல்லியா?"

ஸகியா வெறும் பேசினை நஜ்லாவின் முன்னால் வைத்தாள்.

"வெச்சன்," என்றாள் ஸகியா. "எங்கட பக்கீர் முகைதீன் காக்காதான் பறிச்சுப் புதைச்சிட்டார்."