கோப்பியின் எடை

குட்டி போட்ட பிறகு நாய்க்கு எடை குறையும். கோப்பிக்கோ ஏறியிருந்தது.

நிவேந்திரன் பதறிப்போய், அதற்குக் கொடுக்க எடுத்த குடற்பூச்சி மருந்தை அப்படியே வைத்துவிட்டு, கோப்பியையும் மனைவி தேவிஸ்ரீயையும் காரில் ஏற்றிக்கொண்டு மெர்லிமாவிலிருந்து ஆயர் குரோவில் இருந்த மிருக கிளினிக்குக்குப் பறந்தான். வழி நெடுக தேவிஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நாயோட உசுரு உனக்கு விளையாட்டா இருக்கா?"

கிளினிக்கில் நுழைந்ததுமே நிவேந்திரன் படபடத்தான்.

"டாக்டர், உள்ள இன்னும் குட்டி இருக்கு லா. மருந்து கொடுக்கவே பயமா இருக்கு."

"பால் கொடுக்கிற நாய்க்கு ஒத்துக்கிற மருந்துதான். எடைக்கு ஏத்த அளவு கொடுத்தா பயமே இல்ல," என்ற மிருக டாக்டர் உஷாந்தி, கோப்பியின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு எடை மெஷினில் நிறுத்தினார். "உள்ள ஒண்ணும் இல்ல. நல்லா இளைச்சுத்தான் இருக்கு. வீட்டில எப்படிப் பார்த்தீங்க?"

"மெஷின்ல தனியா நிக்க மாட்டேங்குது. தேவி அதைத் தூக்கிக்கிட்டு ஏறுவா. வர்ற எடையில தேவி எடையைக் கழிச்சிடுவேன்."

"தேவி எடையை எப்பப் பார்த்தீங்க?"

"தீபாவளிக்கு முன்னாடி."

டாக்டர் மெல்லத் திரும்பி தேவிஸ்ரீயைப் பார்த்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"நானும் எத்தனை நாளா மெஷின்ல ஏறி ஏறிக் காட்டுறேன் டாக்டர். இவரு வயித்துல இருக்கிற எங்க பாப்பாவையும் நாய் கணக்குலயே சேர்த்துடுறாரு."