இலை ஒட்டிய கம்ப்யூட்டர்

ஆபீசில் பழைய குண்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதுசு ஒன்றை வைத்தார்கள். அதன் நெற்றியில் பச்சை இலை ஸ்டிக்கர், மின்சாரத்தை வீணாக்காதாம். பின்சுவரில் முட்டையிட்டிருந்த பல்லி இறங்கி வந்து அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தது.

"தம்பி, பழையவர் முதுகு கணகணன்னு இருக்கும். நீ சில்லுனு கிடக்கியே, என் முட்டை எப்படிப் பொரியும்?"

"வெட்டியா சூடாகக் கூடாதுக்கா. அதுக்குத்தான் இந்த இலையே கொடுத்திருக்காங்க."

சொன்னதே தவிர, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் அன்று அது தூங்கவில்லை.

காலையில் வந்த கிளார்க் தமயந்தி அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள். "இப்படிச் சுடுதே! இந்த இலையெல்லாம் சுத்த ஏமாத்து வேலை."

ஒருவர் பேசும்போது பல்லி கத்தினால், பேசியது சத்தியம் என்பார்கள். முட்டைகளை அணைத்தபடி, பல்லி வாயை இறுக மூடிக்கொண்டது.