ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தம்

சமையலறைத் தரையில் ஹார்லன் மல்லாந்து கிடக்கிறார். ஆம்புலன்ஸில் வந்த மார்லா அவர் நெஞ்சை இரு கைகளாலும் அமுக்குகிறாள். புற்றுநோய் மிச்சம் வைத்த விலா எலும்புகளில் ஒன்று படக்கென்று முறிகிறது. ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை ஓடுகிறது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. "நிறுத்தும்மா! நெஞ்சு நின்னா என்னை எழுப்பாதீங்கன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு," என்று அலறுகிறாள் மனைவி வெர்னா. "அந்தத் தாளைக் கண்ணுல காட்டுங்கம்மா, இப்பவே கையை எடுத்துடுறேன்." மார்லாவின் பார்வை ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. எழுப்ப வேண்டாம் என்று கையெழுத்திட்ட அந்த ரோஸ் நிறத் தாளை, ஆம்புலன்ஸில் வருபவர்கள் கண்ணில் படும்படி இந்த ஊர் வீடுகளில் அங்கேதான் மாட்டுவார்கள். "இனி இது உன் பொறுப்பு," என்று வெர்னாவிடம் சொல்லித்தான் ஹார்லனும் மாட்டினார். மத்தியான வெயில் விழும் கதவில் இப்போது மீன் வடிவக் காந்தம் மட்டும், பிடிக்க எதுவுமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெர்னா திரும்புகிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட மகன் கர்ட்டிஸ் மார்லாவுக்குப் பின்னால் நிற்கிறான். அவன் சட்டைப்பையில் ரோஸ் தாளின் முனை எட்டிப் பார்க்கிறது. "அம்மா பதட்டத்துல உளறுறாங்க. தாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க பண்ணுங்க." "கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பாக்காதவனுக்கு இப்ப எங்கேருந்துடா வந்துச்சு பாசம்? குடுடா அதை!" அவன் பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடுகிறான், ஏதோ தேசிய கீதத்துக்கு நெஞ்சில் கை வைத்து நிற்பவனைப்போல. "துடிப்பு வந்துடுச்சு," என்கிறாள் மார்லா. ஹார்லனின் இமைகள் பிரிகின்றன. வெறும் கதவைப் பார்க்கிறார். பிறகு அவர் கண்கள் வெர்னாவின் மேல் வந்து நிற்கின்றன. மகன் பக்கம் அவை திரும்பவே இல்லை.